திரும்பி வந்த மாத்திரைகள்

1

பிரான்சில் உனக்கு என்ன வேலை என்று காரைக்காலில் யாராவது கேட்டால், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் சிரிப்பார்கள். என் வேலை மாத்திரை எண்ணுவது.

பாரிசுக்கு வடக்கே ரயிலில் அரை மணி தூரத்தில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. அங்கே மருந்து ஆய்வுகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு என்று ஒருமுறை வந்தால் கடைசிவரை கூடவே இருக்கும் நோய்களுக்கான புது மருந்துகளை அங்கே சோதிக்கிறார்கள். சம்மதித்துச் சேர்ந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்துப் பெட்டி கொடுப்போம். மறுமுறை வரும்போது காலி அட்டைகளையும் மீந்த மாத்திரைகளையும் அவர்கள் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான் அவற்றைத் தட்டில் கொட்டி எண்ணிக் கணினியில் ஏற்றுவேன். கொடுத்ததில் திரும்பியதைக் கழித்தால் வருவது அந்த மனிதர் விழுங்கியது. அப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

போன வியாழக்கிழமை ஒரு பெரியவர் வந்தார். ரொட்டிக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். கொதிப்பு மருந்து ஆய்வில் இருக்கிறார். காலி அட்டைகளைக் கொடுத்தார், எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்துப் பார்த்தால் மாத்திரைகள்.

"இவற்றை நான் விழுங்கவில்லை, அம்மா. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. டாக்டரிடம் சொன்னால் வருத்தப்படுவார்" என்றார்.

பரவாயில்லை, சொன்னதே நல்லது என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அதுதான். உடன் வேலை செய்யும் பெண்ணை அழைத்து அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உள்ளே மருந்துகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்க் குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன்.

அவருக்காக அழவில்லை. என் தம்பி குமரவேலுக்காக.

2

நாங்கள் காரைக்காலை ஒட்டிய மீனவக் கிராமமான கருக்களாச்சேரிக்காரர்கள். அப்பா ஃபைபர் படகில் போனவர். நான் மூத்தவள், எனக்கு மூன்று வயது இளையவன் குமரவேல். எனக்குப் படிப்பு வந்தது. மருந்தாளுநர் படிப்பு முடித்தேன். அவனுக்குக் கடல் வந்தது. இருபத்தைந்து வயதிலேயே காரைக்கால் துறைமுகத்திலிருந்து போகும் விசைப்படகு ஒன்றுக்கு டிரைவராகிவிட்டான். ஒரு தடவை போனால் ஐந்து நாள், ஆறு நாள். கரைக்கு வந்தால் ஒன்றரை நாள் இருப்பான், மறுபடி போய்விடுவான்.

நான் கல்யாணமாகி இங்கே வந்து பத்தொன்பது வருடமாகிறது. என் வீட்டுக்காரர் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள காரைக்கால் குடும்பம். வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் படித்த நான்கு வருடப் படிப்பு இங்கே செல்லாது என்று. புதிதாகப் பிரெஞ்சு படித்து, இரண்டு வருடம் தொழிற்படிப்புப் படித்து, மருந்தாளுநருக்குக் கீழே உதவியாளராகச் சேர்ந்தேன். குறையாக எதுவும் சொல்லவில்லை. வேலை நல்ல வேலை. எண்ணுவதில் நான் தவறு செய்வதில்லை.

தம்பிக்கு முப்பத்தாறு வயதில் சர்க்கரை என்று தெரிந்தது. காலில் ஏறிய முள்ளின் புண் ஆறவில்லை என்று போய்ப் பரிசோதித்ததில் வெளிப்பட்டது. நான் போனில் அவனைத் திட்டினேன், கெஞ்சினேன். சோற்றைக் குறை என்றேன். படகில் சோறும் மீன்குழம்பும் தவிர வேறென்ன இருக்கிறது என்று சிரித்தான். பழைய வகை மாத்திரைகள் போட்டுக்கொண்டிருந்தான், போடாமலும் இருந்தான். நாலு வருடம் போனதும் சிறுநீரில் புரதம் போகிறது என்று அறிக்கை வந்தது. சிறுநீரகம் கெட ஆரம்பித்திருப்பதற்கு அதுதான் முதல் அடையாளம்.

அப்போது எங்கள் பிரிவில் ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ரத்தத்தில் மிஞ்சுகிற சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் புதுவகை மாத்திரை. சர்க்கரையைக் குறைப்பதோடு, சிறுநீரகம் கெடும் வேகத்தையும் அது தணிக்கிறது என்று உலகமெங்கும் ஆய்வுகள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பேராசிரியர் அதைப் பற்றிப் பேசும்போது முகமே மாறும். இருபது வருடமாகச் சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்வதற்கு நல்ல செய்தி எதுவும் இல்லாமல் இருந்தவர் அவர்.

எனக்குக் கை பரபரத்தது. காரைக்காலில் தம்பி பார்க்கும் டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஆமாம்மா, அது இங்கயும் வந்துடுச்சு. எல்லாருக்கும் கட்டுப்படியாகுற மாதிரியே கிடைக்குது. தம்பிய வரச் சொல்லுங்க, எழுதித் தர்றேன்."

அது மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். படகுகள் எல்லாம் கரையில் நின்றன. தம்பி வீட்டில் இருந்தான். மாத்திரையைத் தொடங்கினான். ஒரு மாதம் கழித்துச் சர்க்கரை இறங்கியிருந்தது, கால் வீக்கம் வற்றியிருந்தது. வீடியோவில் காலை நீட்டிக் காட்டினான்.

"அக்கா, நீ டாக்டருக்கே படிச்சிருக்கலாம்" என்றான். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

3

அவன் சரியாகப் போடுகிறானா என்று பார்க்க ஒரு வழி செய்தேன். மாதக் கடைசியில் காலி அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இங்கே முன்பின் தெரியாதவர்களுடைய அட்டைகளை எண்ணுகிறவள், கூடப் பிறந்தவனுடையதை எண்ணக் கூடாதா? தம்பி மனைவி மலர் படம் எடுத்து அனுப்புவாள். எல்லாக் குழியும் காலியாக இருக்கும். நான் ஒரு பூப்படம் போடுவேன்.

என் மகள் லேனாவும் இதில் ஒருமுறை சேர்ந்துகொண்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் புரியும், பேசினால் கல்லில் நடப்பது போல நடப்பாள். மாமாவிடம் நாலு வார்த்தை பேசு என்று போனைக் கொடுத்தேன். பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் சொன்னாள்:

"மாமா, நீங்க தினமும் மருந்து குடிக்கணும். மறக்காம மருந்து குடிங்க. அம்மா சந்தோஷமா இருப்பாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மலரின் குரல்: "அய்யய்யோ பாப்பா, என்ன வார்த்த சொல்ற!"

நம் பக்கத்தில் மருந்து குடித்துவிட்டான் என்றால் பூச்சிமருந்தைக் குடித்துச் செத்தான் என்று அர்த்தம். மாத்திரை போடுங்க என்றுதான் சொல்ல வேண்டும். அவளுக்கு அதைப் பிரெஞ்சில் விளக்கினேன். முகம் சிவந்துவிட்டது. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "விடுக்கா, சின்னப் புள்ள. குடிக்கிறேன் பாப்பா, குடிக்கிறேன்!" என்றான். அதோடு லேனா மாமாவிடம் தமிழில் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். போனை நீட்டினால் கையை ஆட்டிவிட்டு அறைக்குப் போய்விடுவாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனையைத் தம்பி வருடத்துக்கு ஒருமுறைதான் செய்துகொண்டான், அதுவும் தடைக்காலத்தின் கடைசியில். மற்ற மாதங்களில் ஏது நேரம் என்பான். அறிக்கை ஒவ்வொரு முறையும் மோசமில்லாமல்தான் இருந்தது. சிறுநீரகம் கழிக்காமல் ரத்தத்தில் நிற்கும் கழிவு, கிரியாட்டினின், கொஞ்சம் ஏறியிருக்கும். நோய் ஓடவில்லை, நடக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். இந்த நோயில் அதுவே வெற்றி.

மூன்று வருடம் இப்படி நிம்மதியாக இருந்தேன்.

4

போன வருடம் ஆகஸ்டில் மலர் அழைத்தாள். நான் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருந்தேன்.

"அண்ணி, பயப்படாதீங்க. அவர ஆஸ்பத்திரில சேத்திருக்கு. மூஞ்சியெல்லாம் வீங்கிப் போச்சு. மூச்சு வாங்குது. கிட்னி ரெண்டும் போச்சுங்குறாங்க அண்ணி."

ஐந்தாம் நாள் காரைக்காலில் இருந்தேன். தம்பிக்குக் கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வலியில் திருப்புகிறான் என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. மே மாதத்து அறிக்கை இருக்கிறது. மாத்திரை தவறவில்லை. இரண்டரை மாதத்தில் எப்படி? டாக்டரைக் கேட்டேன். சிலருக்கு அப்படி ஆகிவிடும் என்றார். அந்தப் பதிலை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் நம்பவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் மலர் ஒரு பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். பாட்டில் நிறைய மாத்திரைகள்.

"இத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, அண்ணி. இனிமே என்ன சத்தியம்."

நான் பாட்டிலைப் பார்த்தேன். இளஞ்சிவப்பு, ஒரு பக்கம் கோடு. எனக்குத் தெரிந்த மாத்திரை.

"அட்டை எல்லாம் காலியா இருந்துச்சே மலர்?"

"பிச்சிப் பாட்டில்ல போட்டுட்டு அட்டையப் படம் புடிப்பேன். கீழ போட மனசு வரல. ஒரு நாள் போட்டுக்குவாருன்னு வச்சிருந்தேன்."

"ஏன் போடல? காசுக்கா? பயமா?"

அவள் தலையை ஆட்டினாள். சொல்லத் தொடங்கினாள்.

முதல் வருடம் தடைக்காலம் முடிந்து படகு இறங்கியபோது மாத்திரையை எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறான். ஜூன் வெயில். வலை இழுக்கிற வேலை. படகில் ஒன்பது பேருக்குக் கேன்களில் இருக்கும் தண்ணீர்தான். அதில்தான் உலை, அதில்தான் குடி. மாத்திரையோ சர்க்கரையோடு சேர்த்து உடம்பின் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. கால் மணிக்கு ஒருமுறை எழுந்து போயிருக்கிறான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். டிரைவரே கேனைக் காலி பண்ணினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டிருக்கிறான். மூன்றாம் நாள் மதியம் சுக்கானைப் பிடித்தபடியே சரிந்துவிட்டான். நெற்றி பலகையில் மோதிப் பிளந்தது. இன்னொரு படகு குறுக்கே வந்துகொண்டிருந்ததாம். பக்கத்தில் நின்றவர் பாய்ந்து திருப்பியிருக்காவிட்டால் ஒன்பது பேரும் போயிருப்பார்கள்.

"அன்னிக்கு வந்து சொன்னாரு: மலரு, என் உசுரு போனா என்னோட போவட்டும், மத்தவன் வீட்டு உசுரு என் கையில இருக்கு, கடலுக்குப் போறப்ப இத நான் தொட மாட்டேன். அக்காட்ட சொல்லிடலாம்னேன். அது ஆசையா சொன்னது, அதுகிட்ட ஆவலன்னு எப்புடி சொல்லுறதுன்னாரு."

தடைக்காலத்தில் மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறான். அந்த இரண்டு மாதமும் வெயிலில் நிற்கவில்லை, தண்ணீர் குடித்தான், ஓய்வெடுத்தான். அதன் முடிவில்தான் ஒவ்வொரு வருடமும் பரிசோதனை. நான் நிம்மதியடைந்த அறிக்கைகள் எல்லாம் அந்த இரண்டு மாதத்து உடம்பின் அறிக்கைகள்.

"இன்னொண்ணும் இருக்கு அண்ணி. மேல்வலி மாத்திரை. படகுல எல்லாரும் போடுவாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போடாட்டி வலை இழுக்க முடியாது. இவரும் போட்டாரு."

எனக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. அந்த வலி மாத்திரைகள் கெட்டுப்போன சிறுநீரகத்தை என்ன செய்யும் என்று படித்த முதல் வருடமே தெரியும். கடலில் போகிறவர்கள் அதைப் போடுவார்கள் என்றும் தெரியும், என் அப்பாவே போட்டிருக்கிறார். இரண்டும் எனக்குத் தெரிந்திருந்தும் இந்தக் கேள்வியை அவனிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. சாப்பாட்டைக் கேட்டேன், சர்க்கரையைக் கேட்டேன், அட்டையைக் கேட்டேன்.

பாட்டிலை முறத்தில் கொட்டி எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. கைப்பழக்கம். மலர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஐந்தாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். எழுநூறைத் தாண்டியதும் கண் மறைத்தது, விட்டுவிட்டேன். என் வேலையில் நான் பாதியில் விட்டது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் தம்பியிடம் போய் நின்றேன்.

"மலர் சொல்லிட்டாளா?" என்றான்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல? அளவு மாத்தியிருக்கலாம். கடலுக்குப் போற நாளுக்கு வேற மருந்து கேட்டிருக்கலாம். எத்தனையோ வழி இருக்கே."

"இருக்குன்னு எனக்கு எப்புடிக்கா தெரியும்?" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டான், அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் அது இருக்கிறது. நீர்ச்சத்து குறையக்கூடிய நிலையில் மருந்தை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்கவும் என்று. அந்தத் தாளை என் கையால் ஆயிரக்கணக்கான பெட்டிகளில் சரிபார்த்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் வயிற்றுப்போக்கு, வாந்தி என்றுதான் நினைத்திருக்கிறேன். கடல் என் நினைவுக்கு வரவே இல்லை.

5

திரும்பி வந்தபோது ஒரு முடிவோடுதான் வந்தேன். என் சிறுநீரகத்தில் ஒன்றை அவனுக்குக் கொடுப்பது.

மலருக்கு ரத்த வகை சேரவில்லை. அப்பா அம்மா இல்லை. எனக்கும் அவனுக்கும் ஒரே வகை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். நான் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவள் என்பதால் அனுமதிக் குழு, தூதரகச் சான்று, உடன்பிறந்தவர்கள் என்பதற்கு ஆதாரம் என்று ஒரு பட்டியல் வந்தது.

அந்த ஆதாரத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கள் அப்பா காத்தமுத்து. கல்யாணப் பதிவின்போது யாரோ ஒரு எழுத்தர் பழைய பிரெஞ்சு முறையில் அவர் பெயரை எழுதிவிட்டார். என் பாஸ்போர்ட்டில் அது பன்னிரண்டு எழுத்து. தம்பியின் ஆதார் அட்டையில் ஆங்கில முறையில் பத்து எழுத்து. போதாக்குறைக்கு, இங்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் வேண்டும் என்பதால் அப்பாவின் பெயரே என் குடும்பப் பெயராகிவிட்டது. தம்பிக்கோ அது ஒற்றை இனிஷியல். பிரெஞ்சில் நகராட்சிக்கு மேரி என்று பெயர்; எங்கள் ஊர்ப் பெரியவர்களும் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு மேரிகளுக்கும் நடுவில் ஐந்து மாதம் கடிதம் போனது வந்தது.

இங்கே கவுன்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் கேட்டாள்: "இந்த இரண்டு பெயரும் ஒரே தகப்பனாருடையதா, மேடம்?"

"ஒரே ஆள்தான்" என்று சொல்வதற்குப் பதிலாக அவசரத்தில், "நாங்கள் ஒரே ஆள்" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். திருத்திச் சொன்னேன். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் போகச் சொன்னாள்.

வீட்டில் லேனாவுக்குத் தெரிந்ததும் பெரிய சண்டை. பதினேழு வயது. கண்ணீரோடு பிரெஞ்சில் படபடவென்று கேட்டாள். உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒரு சிறுநீரகத்தோடு நீ எப்படி நின்று வேலை செய்வாய்? அவர் மாத்திரையைப் போட்டிருக்க வேண்டியதுதானே? எனக்குப் பிரெஞ்சு வரும். வேலை பார்க்க, வாடகைப் பத்திரம் படிக்க, டாக்டரிடம் பேச வரும். சண்டை போடுகிற அளவுக்கு வராது. தமிழில் சொன்னேன், "அவன் எனக்குத் தம்பிடி." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் இரண்டு அறைக்கும் நடுவில் நின்றார். "அவ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, நீ செய்யுறதுலயும் ஞாயம் இருக்கு. நான் என்னத்த சொல்ல" என்றார்.

இந்த வசந்தத்தில் தாள்கள் எல்லாம் ஒருவழியாகச் சேர்ந்தன. பயணச்சீட்டு எடுக்கும் முன் அடிப்படை ரத்தப் பரிசோதனைகளை அங்கேயே செய்து அனுப்புங்கள் என்றது சென்னை. என் குடும்ப டாக்டரிடம் போனேன். இரண்டு நாள் கழித்து அவரே அழைத்தார். நேரில் வரச் சொன்னார்.

சர்க்கரை. என் அறிக்கையில் மூன்று மாதச் சராசரி, நோய் என்று சொல்லும் கோட்டைத் தாண்டியிருந்தது. தாகம் இல்லை, களைப்பு இல்லை, ஒன்றும் இல்லை. தாள் மட்டும் சொன்னது.

"நீங்கள் கொடுக்க முடியாது, மேடம். உங்கள் இரண்டு சிறுநீரகமும் உங்களுக்கே வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். பிறகு மருந்துச் சீட்டு எழுதினார். எந்த மாத்திரை என்று படிக்காமலே தெரிந்தது.

அதே வாரம் எங்கள் பிரிவில் அந்தப் பெரிய ஆய்வின் முடிவைச் சொல்லக் கூட்டம் வைத்தார்கள். கேக் வெட்டினார்கள். பேராசிரியர் திரையில் சிறுநீரகத்தின் திறனைக் குறிக்கும் இரண்டு கோடுகளைக் காட்டினார். மாத்திரை போட்டவர்களின் கோடு மெதுவாக இறங்குகிறது, போடாதவர்களின் கோடு சரிந்து விழுகிறது. அது பொய்யில்லை. அந்தக் கோட்டுக்குள் என் கையால் எண்ணிய மாத்திரைகள் இருக்கின்றன. கேள்விகள் உண்டா என்றார். என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்பதில்லை. கை தானாக எழுந்தது.

"இவர்களில் வெயிலில் வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தார்களா? கடலில், வயலில்?"

அவர் என்னை அக்கறையோடு பார்த்தார். "நல்ல கேள்வி. நாங்கள் அதைக் கேட்டுப் பதிவு செய்யவில்லை. அதற்குத் தனியாக ஓர் ஆய்வு வேண்டும்" என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கேக் சாப்பிட்டோம்.

6

தம்பியிடம் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆனது. மலரிடம் முதலில் சொல்லலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்துவிட்டேன். அவள் சென்னையில் தங்க வீடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே மதியம், வீடியோவில் அழைத்தேன். வாரத்தில் மூன்று நாள் அவனுக்கு டயாலிசிஸ். ஞாயிறு ஓய்வு. சட்டையில்லாமல் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான். இடது கையில் ஊசி குத்துகிற இடம் கயிறு போலப் புடைத்திருந்தது. சொல்லி முடித்தேன். பாதியில் அழுதுவிட்டேன்.

"உனக்கு சர்க்கர எத்தன பாயின்டு?" என்றான்.

சொன்னேன்.

"அது கம்மிதான். எனக்கு மொதல்லயே பத்துக்கு மேல. நீ பயப்படாத." பிறகு கேட்டான், "லேனா பாப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவளுக்குச் சந்தோஷம், நான் கொடுக்கலன்னு. சந்தோஷப்பட்டுட்டு அப்பறம் அழுதா."

"புள்ள அப்புடித்தான் இருக்கும். திட்டாத."

மலர் பின்னால் வந்து நின்றாள். காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் தோளில் கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே பாத்திரம் ஏதோ கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பெயர் பதிந்து வைக்கலாம், வரிசை நீளம், ஆனாலும் பதிந்து வைப்போம் என்றேன். சரி என்றான். டயாலிசிசிலேயே பல வருடம் இருக்கிறவர்கள் உண்டு என்றேன். சரி என்றான். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி என்றான். பிறகு, இதுவரை என்னிடம் எந்தக் குறையும் சொல்லாதவன், சாதாரணமாகச் சொன்னான்:

"தாகமா இருக்குக்கா."

சிறுநீர் பிரியாத உடம்பு. நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், கஞ்சியும் குழம்பும் அந்தக் கணக்கில்தான். மிஞ்சினால் நுரையீரலில் போய் நிற்கும். மதியத்துக்குள் அன்றைய பங்கை முடித்துவிட்டிருந்தான். காரைக்காலில் அன்று கடும் வெயில். இத்தனை வருடம் மருந்துகளுக்கு நடுவில் நின்றவள், அந்தத் தாகத்துக்குச் சொல்ல என்னிடம் ஒரு மருந்தின் பெயர்கூட இல்லை.

"ஒரு ஐஸ் துண்டு எடுத்து வாயில வச்சுக்கடா. கடிக்காத. தானா கரையட்டும்" என்றேன்.

"ஐஸா?" என்று சிரித்தான். "வாழ்நாள் பூரா ஐஸ வெட்டி மீனுக்குல்ல போட்டேன்."

மலரைக் கூப்பிட்டான். அவள் ஒரு கிண்ணத்தில் ஒரே ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். கன்னம் ஒரு பக்கம் புடைத்தது. தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. அது கரைந்து முடியும் வரை போனைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.